பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பனுக்கும் ஒரு முழு வேலை

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கி வைத்திருக்க ஆள் இல்லாமற் போவதில்லை. அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, சித்தி, மச்சாள்மார், அயலட்டைச் சனம் என்று வீடு நிறைந்துவிடும். ஆகவே பிள்ளை வளர்ப்பின் சுமைதான் கணவன் மனைவி உறவைத் தளர்த்துகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது எங்கள் ஊருக்கு முழுமையாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. நான் பார்த்த பல வீடுகளில், அந்தச் சுமையில் ஒரு பகுதியேனும் கணவனின் கைக்கு வராமற் போனதால்தான் இருவருக்கும் இடையில் பேச்சுக் குறைந்து, விலகல் வளர்ந்திருக்கிறது. ஒதுங்கி நிற்பதை வசதியாக எடுத்துக்கொள்ளும் ஆண்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. அன்பினாலும் பழக்கத்தினாலும் தகப்பனை ஒதுக்கிவிடுகிற நல்ல வீடுகளைப் பற்றியே எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வீடும் அப்படிப்பட்ட ஒன்றாகவே தொடங்கியது.

நாங்கள் கோண்டாவிலில், மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் வாழ்கிறோம். அவர் ஆசிரியை. நான் யாழ் நகரில் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. மாமாவும் மாமியும் அதே வளவின் பின்பக்கத்தில் சிறிய வீடொன்றில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பது இங்குள்ள வழமை என்பதால், எந்தப் பானை எங்கே இருக்கும், எந்த அயலவரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் மனைவிக்கும் அவருடைய தாய்க்கும் பிறப்பிலிருந்தே தெரிந்திருக்க, கணவன் மட்டும் சில ஆண்டுகளுக்கு மரியாதைக்குரிய விருந்தாளியாகவே நடத்தப்படுகிறான். பிள்ளை பிறக்கும்போது அந்த விருந்தாளி நிலை இன்னும் இறுகிவிடுகிறது.

மகள் பிறந்தபோது துடக்குக் காலமான முதல் 31 நாளும் வீடு முழுவதும் மாமியின் பொறுப்பில் இருந்தது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக்கறி வைப்பதும், மனைவிக்கு வெந்நீர் வைப்பதும், காலை இளவெயிலில் பிள்ளையைக் காட்டுவதும், கால்களை நீட்டி இருந்து பிள்ளையை அவற்றின்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதும், குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பதும் அவருடைய கையால் ஒழுங்காக நடந்தன. நான் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டும் ஒவ்வொரு முறையும் அவர் அன்போடு சொன்னது ஒன்றுதான்: "நீங்கள் விடுங்கோ தம்பி, நான் பார்க்கிறன்." அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை கிடைக்கிறது, தகப்பனுக்குக் கிடைப்பது 3 நாட்கள். அந்த 3 நாட்களும் வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் சாப்பாட்டுக் கூடையோடு ஓடுவதில் கழிந்துவிடும். பிறகு தகப்பன் அலுவலகத்துக்குத் திரும்புகிறான். மாலையில் வரும்போது பிள்ளை குளித்து, பால் குடித்து, நித்திரையாக இருக்கிறது. அவன் பேசுவதற்கு விடயமும் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. களைத்துப்போன மனைவியோ, இவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கத் தொடங்குகிறார்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் புதிதாகத் திருமணமானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த உளவியலாளர் ஜோன் கொட்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாயான பெண்களில் 67 சதவீதத்தினருக்கு மணவாழ்வில் இருந்த நிறைவு குறைந்திருந்ததாகக் காட்டினார்கள். எனக்கு அந்தத் தொகையைவிட மற்றைய 33 சதவீதத்தினருக்கு அந்த நிறைவு ஏன் குறையவில்லை என்பதே முக்கியமாகப்பட்டது. கணவன் மனைவிமீது காட்டிய பாசமும், அவளுடைய நாளாந்த வாழ்வில் என்ன நடக்கிறது என்பதை அவன் தெரிந்து வைத்திருந்ததும், அதேபோல அவள் அவனைப் பற்றித் தெரிந்து வைத்திருந்ததுமே அந்தக் குடும்பங்களைத் தாங்கியிருந்தன. பிள்ளையின் அருகிலேயே விடப்படாத ஒருவனுக்கு, பிள்ளையோடு நாள் முழுவதும் இருக்கும் மனைவியின் நாளைப் பற்றி எப்படித் தெரியவரும் என்பதுதான் இதிலிருந்து எனக்கு எழுந்த கேள்வி.

எங்கள் வீட்டில் மாற்றத்தைத் தொடங்கியவர் மனைவிதான். துடக்குக் கழிந்த கிழமையில், சனி ஞாயிறுகளில் பிள்ளையைக் குளிப்பாட்டுவது இனி அப்பாவின் வேலை என்று அவர் தன் தாயிடம் சொன்னார். நான் சொல்லியிருந்தால் அது மாமியின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதாக எடுக்கப்பட்டிருக்கும். மகள் சொன்னபடியால் அவர் சற்றுத் தயங்கிவிட்டு எனக்குக் கற்றுத்தர ஒத்துக்கொண்டார். தண்ணீரின் சூட்டை விரலால் பாராமல் முழங்கையால் பார்க்க வேண்டும், பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் இடது உள்ளங்கை எப்போதும் இருக்க வேண்டும், தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை மறித்துப் பிடித்தால் கண்ணிலும் காதிலும் தண்ணீர் போகாது, கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் பால் ஊத்தையும் வியர்வையும் தங்கிவிடும் என்பதால் அவற்றை விரித்துக் கழுவி ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். மகள் முதலில் கத்தினாள். மனைவி அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவர் வராமல் இருந்ததுதான் அன்று எனக்குச் செய்த பெரிய உதவி என்று இன்றும் நினைக்கிறேன்.

இதிலிருந்து நாங்கள் பின்பற்றத் தொடங்கிய முறை, பிள்ளை சம்பந்தமான ஒரு வேலையைத் தகப்பனிடம் கொடுத்தால் அதை முழுதாகக் கொடுப்பது. "கொஞ்சம் பிடியுங்கோ", "அந்தத் துணியை எடுத்துத் தாருங்கோ" என்பவை வேலைகள் ஆகமாட்டா. அவற்றில் யோசிப்பதும் முடிவெடுப்பதும் தாயிடமே தங்கிவிடுகின்றன. குளிப்பாட்டுவது என் வேலை என்றால் சவர்க்காரம் முடிகிறதா என்று பார்ப்பதும், உடுப்பை எடுத்து வைப்பதும், தடிமன் உள்ள நாளில் குளிக்க வார்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் என் வேலையே. அதன் மறுபக்கமும் உண்டு: ஒருவர் செய்யும்போது மற்றவர் பின்னால் நின்று திருத்தக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்து இல்லாதவரையில், சட்டை பின்முன்னாகப் போடப்பட்டிருந்தாலும், பிட்டைக் குழைத்துத் தீத்தும் விதம் வேறாக இருந்தாலும் பேசாமல் இருப்பது இருவருக்கும் கடினமான பயிற்சிதான். ஆனால் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவர் சில மாதங்களில் கையை எடுத்துக்கொண்டுவிடுவார். பிறகு எந்தக் கெஞ்சலும் அவரைத் திருப்பிக் கொண்டுவராது.

இரவையும் நாங்கள் முறை வைத்துப் பிரித்தோம். மனைவி எட்டு மணிக்கே படுத்துவிடுவார்; பின்னிரவு ஒரு மணி வரை பிள்ளை எழுந்தால் துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டி நித்திரையாக்குவது எல்லாம் நான். பால் கொடுக்க மட்டும் அவரிடம் கொண்டுபோய்க் கிடத்துவேன். "நீர் படும், நான் பார்க்கிறன்" என்று சொல்லக் கிடைத்ததை நான் ஒரு பேறாகவே எண்ணுகிறேன். துண்டு துண்டாகக் கிடைக்கும் நித்திரையைவிட பால் கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் எழும்பாமல் கிடைக்கும் நாலைந்து மணி நேர நித்திரை ஒரு தாயை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அடுத்த நாள் காலையில் அவருடைய குரலிலேயே கேட்கலாம்.

இந்த இரவு முறையால்தான் சின்னவன் பிறந்த பின்னர் மனைவியின் மனம் சோர்ந்துபோவதை என்னால் கண்டுகொள்ள முடிந்தது. பிள்ளை நித்திரையாக இருக்கும்போதும் அவர் நித்திரை கொள்ளவில்லை. மாலையானால் காரணம் சொல்ல முடியாத அழுகை வந்தது. பிள்ளைக்குத் தான் ஏற்ற தாய் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் நாவூறு கழித்தார்கள். பெரியவர்களின் மனம் ஆறட்டும் என்று அதை நாங்கள் தடுக்கவில்லை, ஆனால் அத்தோடு நிற்கவும் இல்லை. பிரசவம் முடிந்து இரண்டு மூன்று நாட்களில் பல தாய்மாருக்கு வரும் அழுகையும் சலிப்பும் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாகவே அடங்கிவிடும். அதற்குப் பிறகும் நீண்டால் அது மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் உலகளவில் சுமார் 13 சதவீதத்தினருக்கும், வளர்முக நாடுகளில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தச் சோர்வைக் கண்டறிய, 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. கடந்த 7 நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று தாயே குறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் நான் பேசியதும், அவர் மனைவியோடு தனியே நெடுநேரம் இருந்து கதைத்து, பின்னர் வைத்தியரிடம் அனுப்பி வைத்தார். சில மாதங்களில் மனைவி தெளிந்தார். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன; வெளியே போகத் தயங்குகிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம். இதை ஒரு கணவன் கண்டுகொள்ளாமல் விட்டால், மனைவியின் சோர்வைத் தன்மீதான வெறுப்பென்று விளங்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அப்படித் தொடங்கிய பிளவுகளை நான் கண்டிருக்கிறேன்.

பெரியவர்களோடு வரும் முரண்பாடுகளுக்கு எங்களிடம் உள்ள ஒழுங்கு எளிமையானது. மாமியிடம் சொல்ல வேண்டியதை மனைவி சொல்வார். என் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்வேன். பிள்ளையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, ஆறு மாதத்துக்கு முன்பே மல்லித் தண்ணீர் பருக்குவது, நாக்கில் தேன் தடவுவது போன்ற பழைய பழக்கங்களில் இணக்கம் வராதபோது கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். உத்தியோகத்தர் சொன்னதை அவர் தன் காதால் கேட்ட பின்னர் அது மருமகனின் பிடிவாதமாகவோ மகளின் படிப்புத் திமிராகவோ தோன்றவில்லை. அதே நேரத்தில் மாமியின் கை இல்லாமல் எங்களால் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்க முடியாது என்பதை அவருக்கு நேரடியாகச் சொல்லியிருக்கிறோம், அடிக்கடி சொல்கிறோம்.

நாங்கள் மிகக் கடுமையாக முரண்பட்டது பிள்ளைகளின் காய்ச்சலில்தான். வடகீழ்ப் பருவமழைக் காலத்தோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவும் காலமும் வந்துவிடும். அந்த மாதங்களில் பிள்ளையின் உடம்பு சுட்டாலே வீட்டில் எல்லோருக்கும் பயம். பனடோல் பாணி எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது, நீர் கடைசியாக எப்போது போனது என்று ஒருவரை ஒருவர் கேட்பதே குற்றஞ்சாட்டுவதாக மாறிவிடும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு கொப்பி வைத்தோம். வெப்பநிலை, மருந்து, அளவு, நேரம், குடித்தது, சலம் போனது, எல்லாவற்றையும் யார் பார்த்தாலும் அதில் எழுத வேண்டும். வைத்தியரிடம் போகும்போது அந்தப் பக்கத்தையே காட்டினோம். அவருக்கும் அது உதவியது. அதோடு இன்னோர் உடன்பாட்டுக்கும் வந்தோம்: அந்த வேளையில் பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் முடிவே முடிவு. நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மனைவி நினைத்தால், காலைவரை பார்ப்போம் என்று நான் வாதாடுவதில்லை. மோட்டார் சைக்கிளை எடுக்காமல் ஓட்டோவுக்கு அழைப்பேன். போய் வந்த பிறகு, இது சும்மா காய்ச்சல்தானே என்று சொல்லிக் காட்டுவதும் இல்லை.

பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் கணவனும் மனைவியும் பிள்ளையின் வாயால் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ", "அம்மாட்டை கேள், திறப்பு எங்கை எண்டு" என்று எல்லாச் செய்திகளும் பிள்ளை வழியாகப் போய்வரும். கோபம் இருக்கும் நாட்களில் இது இன்னும் கூடும்; பிள்ளையும் வீட்டின் சூட்டை உடனே அறிந்துவிடும். நாங்கள் இதை விட்டுவிட்டோம். சொல்ல வேண்டியதை, குரல் நன்றாக இல்லாத நாளிலும், நேரே சொல்லிக்கொள்கிறோம். விடியப்புறம் ஐந்து மணிக்கு, பிள்ளைகள் எழும்புவதற்கு முன், தேநீரோடு விறாந்தையில் இருவரும் இருக்கும் நேரம் எங்களுக்கென்று உள்ளது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குவதால் ஐந்தரைக்குப் பிறகு இடியப்பமும் சொதியும் சீருடையும் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்திய அரை மணியில் வீட்டு அலுவல்களையும் பிள்ளைகளின் கணக்குகளையும் எடுப்பதில்லை. அவருடைய வகுப்பில் நடந்தது, என் அலுவலகத்தில் நடந்தது, யாருடைய சொல் மனதைப் புண்படுத்தியது, இவைதான் பேச்சு. இரவில் இது முடியாது. இலண்டனில் வேலை முடிந்து உறவினர்கள் ஆறு மணிக்கு அழைத்தால் இங்கே பத்தரை அல்லது பதினொன்றரை. கனடாக்காரருக்கு எங்கள் இரவுதான் பகல். அவர்களுடைய அன்பை மதித்தே, வட்ஸ்அப் அழைப்புகளை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம். சிலருக்கு முதலில் மனக்குறை இருந்தது, பிறகு பழகிவிட்டார்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் தனியே வெளிக்கிடுவதை இங்கே பலரும் விசித்திரமாகவே பார்ப்பார்கள். ஞாயிறு காலையில் அயலிலுள்ள திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்க இருவரும் ஒன்றாகப் போவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. பெரிய உணவகமோ பயணமோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் சிறிய நேரமே கூடுதலாகப் பயன்படும் என்பது என் துணிபு.

பணத்தைப் பற்றிய எங்கள் பழக்கம் 2022இல் உருவானது. மின்வெட்டு சில நாட்களில் 13 மணி நேரம் வரை நீண்டது, பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை, 2021 செப்டெம்பரில் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பைக்கற் 2022 மார்ச்சில் 790 ரூபா. கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் இருந்த வீட்டில் ஒவ்வொரு செலவும் சண்டைக்குக் காரணமாகக்கூடியதாக இருந்தது. அப்போது மாதச் சம்பளம் வந்த அடுத்த சனிக்கிழமை மட்டும் கணக்குப் பேசுவது, மற்ற நாட்களில் எழுதி வைப்பதோடு நிறுத்துவது, படுக்கையில் பணத்தைப் பற்றிப் பேசவே பேசாதிருப்பது என்று வைத்துக்கொண்டோம். மனைவியின் அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசு பிள்ளைகளின் பெயரில் சேமிப்புக்குப் போகிறது. வீட்டுச் செலவு எங்கள் இருவரின் சம்பளத்தில் நடக்கிறது. இது என் தன்மானத்துக்காக மனைவி முன்வைத்த ஏற்பாடு என்பதை நான் மறப்பதில்லை. நம்மில் தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டம் ஆளும் குடும்பங்களில் சீதன வீடு மனைவியின் சொத்து. ஆனாலும் அதை விற்க அவருக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அந்தச் சம்மதத்தை ஆயுதமாகப் பிடித்து மனைவியை மடக்கும் ஆண்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. திருமணத்தின் பின் உழைத்துச் சேர்ப்பதைத் தேடிய தேட்டம் என்று சொல்லி, அதை இருவருக்கும் பொதுவாகவே கருதியது பழைய தேசவழமை. வீட்டுக் கணக்கும் அந்த மனப்பான்மையோடு நடக்க வேண்டும்.

உடல் நெருக்கத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதக் கூசுகிறார்கள், ஆனால் பல தம்பதியர் மௌனமாக வருந்துவது இதனால்தான். பிள்ளைகள் தாய் தகப்பனோடு ஒரே கட்டிலில் படுப்பது எங்கள் வீடுகளில் இயல்பு. அதை மாற்றச் சொல்லமாட்டேன். மூத்தவள் சில இரவுகளில் அம்மம்மாவோடு படுக்கப் பழகினாள், சின்னவனுக்கு அருகிலேயே தனிப் பாய் போட்டோம். பிள்ளை பெற்ற உடம்பு ஆறக் காலம் எடுக்கும், பாலூட்டும் மாதங்களில் விருப்பம் குறைவது இயல்பு என்பதைக் கணவன் அறிந்திருந்தால் அதைத் தன்னை மறுப்பதாக எடுத்துக்கொள்ளமாட்டான். குடும்பத் திட்டமிடலைப் பற்றிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்; அடுத்த பிள்ளை பற்றிய பயம் அகன்றால் பாதித் தயக்கம் போய்விடும்.

அடியும் குடியும் உள்ள வீட்டுக்கு நான் எழுதியவை எதுவும் பொருந்தாது. அங்கே பொறுத்துப் போகச் சொல்வது தவறு. 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் அதற்காகவே இருக்கிறது.

அடுத்த ஆண்டு மனைவிக்குத் தீவகப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வரக்கூடும் என்று பேச்சு. அப்படி வந்தால் அவர் ஆறு மணிக்கே பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும், காலை முழுவதும் என் கைக்கு வரும். அதற்காக வேலைகளை இப்போதே புதிதாகப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறோம்: மகளைப் பாடசாலையிலும் மகனை முன்பள்ளியிலும் விடுவது, காலைச் சாப்பாடு, மகனுடைய கிளினிக் நாட்கள் ஆகியவை என்னுடையவை, மாலைப் படிப்பும் உடுப்பும் அவருடையவை, மதியம் மாமியினுடையது. மாமியிடம் மனைவி ஏற்கெனவே பேசிவிட்டார். ஐந்து மணித் தேநீரை நாலரைக்கு மாற்றுவதா, இரவு எட்டரைக்குக் கொண்டுபோவதா என்பதை மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை.